ஏ.டி.எம். வாசலில் ஓர் ஆட்டுக்காரி

"இருக்கட்டும்" என்று அந்த அக்கா சொல்லிவிட்டால் எங்கள் டிரைவர் அண்ணாச்சி சாமி படத்தைத் தொட்டுக் கும்பிடுவார். வைதால் வாங்கிக்கொள்ளலாம். மண்ணை வாரித் தூற்றினால்கூடச் சமாளித்துவிடலாம். அவள் அதெல்லாம் செய்யமாட்டாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, சத்தமே இல்லாமல் அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் போய்விடுவாள். அதற்குப் பிறகு சம்பந்தப்பட்டவன் பாடு அவன் பாடு.

நான் அப்போது கோவில்பட்டியிலிருந்து புதூர்ப் பக்கம் போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். கொரோனா அடங்கி வண்டிகள் ஓடத் தொடங்கிய சமயம். ஏறுகிறவர்களில் பாதிப் பேர் மாஸ்க்கைத் தாடைக்கு மாட்டியிருப்பார்கள். அக்காவின் ஊர் பாதி வழியில் இருந்தது. ரெண்டு பக்கமும் கரிசல் காடு, அதற்கப்பால் கரண்டு எடுக்கிற காற்றாடிகள், நடுவில் ஒரு நிழற்குடை. அவளுக்கு ஐம்பது வயது இருக்கும். வெள்ளாடு மேய்க்கிறவள். புருஷன் கேரளத்தில் புரோட்டா மாஸ்டர். பெயரைச் சொல்லமாட்டேன். யாராவது போய் அவளிடம் வத்தி வைத்துவிட்டால், அந்தச் சொல்லை என்னைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது.

ஒருநாள் வண்டியில் கால் வைக்க இடமில்லை. அக்கா கைகாட்டியும் அண்ணாச்சி நிறுத்தாமல் வந்துவிட்டார். மறுநாள் காலையில் அதே இடத்தில் ரோட்டை அடைத்துக்கொண்டு ஆடுகள் படுத்திருந்தன. அக்கா ஓரமாகக் குத்தவைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தாள். ஹாரன் அடித்தோம், கத்தினோம். ஓர் ஆடுகூட அசையவில்லை.

"யக்கா, ஆட்டைப் பத்துங்க. டயமாவுது."

"எந்திரிக்க மாட்டேங்குதுவளே தம்பி. நேத்து வெயில்ல நடந்தே டவுணுக்குப் போயிட்டு வந்தனா, நான் வாரதுக்குள்ள பட்டினி கெடந்து சவண்டு போச்சுவ."

கடைசியில் அண்ணாச்சி இறங்கிப் போய், "தப்புத்தாம்மா, இனிமே நிறுத்தாமப் போகமாட்டேன்" என்று சொன்ன பிறகுதான் நாக்கை மடித்து ஒரு சீழ்க்கை அடித்தாள். அத்தனை ஆடும் ஒரே நேரத்தில் எழுந்து நடந்தன. வண்டிக்குள் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அண்ணாச்சி மட்டும் கோவில்பட்டி வரும்வரை கியரை அடித்து அடித்துப் போட்டார்.

அந்த ஊரில் பெரிய சம்சாரி ஒருவர் இருந்தார், நிறைய நிலம் வைத்து வெள்ளாமை செய்கிறவர். அவருடைய நாய் அக்காவின் குட்டி ஒன்றைக் கடித்துக் குதறிவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே, "நாய்னா கடிக்கத்தான செய்யும்" என்றாராம். அக்கா "இருக்கட்டும்" என்றாள். மானாவாரிக் காட்டுக்கு ஆட்டுக் கிடைதான் உரம். விதைப்புக்கு முன்னால் ராத்திரிக்கு ராத்திரி ஆடுகளை நிலத்தில் அடைத்துப் போடுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் விழுந்து அந்த வருஷம் வெள்ளாமை எழுந்து நிற்கும். அதற்குப் பிறகு அக்கா சம்சாரியின் காட்டைச் சுற்றி நாலு பக்கமும் கிடை போட்டாள். வரப்பு வரைக்கும் போட்டாள். அவர் காட்டுக்குள் ஒரு புழுக்கை விழவில்லை. சுற்றிலும் கம்பு ஆள் உயரம் நின்றது, நடுவில் அவருடையது முழங்கால் உயரம். அவர் ஆள்விட்டுக் கேட்டுப் பார்த்தார். "ஆடுன்னா அதுக்குப் பிடிச்ச எடத்துலதான போடும்" என்று பதில் போனது.

புருஷனையும் விட்டுவைத்ததில்லை. லீவில் வந்தவன் ஏதோ கோபத்தில் கையை ஓங்கிவிட்டான். அந்த லீவு முழுக்க அவனிடம் அவள் நேராகப் பேசவில்லை. கிடாயிடம் சொல்லுவாள்: "ஏலே கெடா, சோறு ஆறுதுன்னு சொல்லு." கிடாய் அவனைப் பார்க்கும். அவன் எழுந்து போய்ச் சாப்பிடுவான். போகிற அன்றைக்கு எங்கள் வண்டியில்தான் ஏறினான். "தம்பி, அந்தக் கெடாய்ட்டயாவது சொல்லிட்டு வந்துருக்கணும்" என்று என்னிடம் புலம்பினான்.

இப்படிப்பட்டவளிடம்தான் ஊர்ப் பெண்கள் தங்கள் ஏ.டி.எம். கார்டுகளைக் கொடுத்து வைத்திருந்தார்கள். பயந்துகொண்டு அல்ல, நம்பித்தான். அடுத்தவர் செய்த தப்பை மறக்காதவள் தானும் தப்புச் செய்யமாட்டாள் என்பது அவர்கள் கணக்கு. நூறு நாள் வேலைக் கூலியும் முதியோர் பணமும் பேங்கில் விழும். அதை எடுக்க ஒவ்வொருத்தியும் கோவில்பட்டிக்கு வந்தால் அன்றைக்கு வேலை போச்சு, பஸ் காசு தண்டம். அதனால் எல்லாருடைய கார்டையும் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி அக்காவிடம் கொடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு கார்டின் உறையிலும் அடையாளத்துக்கு ஒரு கோடு, ஒரு சுழி, ஒரு பொட்டு. மாலை வண்டியில் வந்து நிழற்குடையில் வைத்து அவரவர் பணத்தைப் பிரித்துக் கொடுப்பாள். ஒருநாளும் பிசகியது கிடையாது.

அவர்கள் செய்த இன்னொரு காரியத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வருகிறது. முதன்முதலில் கார்டு வந்தபோது எல்லாரும் கூட்டமாக எங்கள் வண்டியில்தான் கோவில்பட்டிக்கு வந்தார்கள். ரகசிய நம்பர் போட வேண்டும் என்று பேங்கில் சொல்லியிருக்கிறார்கள். ஆளுக்கொரு நம்பரை வைத்துக்கொண்டு மறந்துபோய்விட்டால் என்ன செய்வது? நிழற்குடையில் நின்று நின்று எல்லாருக்கும் மனப்பாடமான நம்பர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எங்கள் வண்டி நம்பர். அதையே அத்தனை பேரும் போட்டுவிட்டார்கள். முன்னாலும் பின்னாலும் அரை அடி உயரத்துக்கு எழுதி, தினமும் ஊர் ஊராக நாங்கள் கொண்டுபோய்க் காட்டிக்கொண்டிருந்தோம்.

"யக்கா, எங்க வண்டி நம்பரத்தான் போட்ருக்கீங்களாம்ல. எங்களுக்கு ஒரு பங்கு உண்டா?" என்று நான் கேலி செய்வேன்.

"பங்கா? மொதல்ல வண்டிய நேரத்துக்கு எடுலே."

அந்தக் கட்டில் ஒரு கார்டு செல்லத்தாயுடையது. கீழத்தெருவில் இருந்தாள். அவள் புருஷன் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான். அதற்கு வந்த நஷ்டஈட்டுப் பணம் அந்தக் கணக்கில்தான் கிடந்தது. மகளை நர்சிங் படிக்கவைக்க அதைத் தொடாமல் வைத்திருந்தாள். கூலிப் பணத்தை மட்டும் மாசாமாசம் அக்கா எடுத்துக்கொண்டு வந்து கொடுப்பாள்.

ஆடி மாசம் அது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஏ.டி.எம்.மில் அக்கா ஒவ்வொரு கார்டாகப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். காவலுக்கு ஆள் கிடையாது. செல்லத்தாய் கார்டை மெஷின் ரெண்டு தடவை துப்பிவிட்டது. பின்னால் வரிசையில் நின்ற ஒரு இளவட்டம், மாஸ்க்கும் தொப்பியும் போட்டவன், "பெரியம்மா, தூசி இருந்தா எடுக்காது. இங்கன குடுங்க, தொடச்சுப் போடுதேன்" என்று வாங்கித் தன் சட்டையில் துடைத்துப் போட்டிருக்கிறான். "இப்ப நம்பர் போடுங்க" என்று சொல்லிவிட்டு மரியாதையாக முகத்தை வேறு திருப்பிக்கொண்டான். பணம் வந்தது. கார்டை எடுத்துக் கையில் கொடுத்தான். அக்கா அவனை நல்லா இருப்பே என்று வாழ்த்திவிட்டு வந்தாள்.

அவன் திருப்பிக் கொடுத்தது வேறு யாருடைய கார்டோ. அதே பேங்க், அதே நிறம். செல்லத்தாய் கார்டு அவன் பையில். நம்பரை அவன் எட்டிப் பார்க்கக்கூட வேண்டியதில்லை. அத்தனை கார்டுக்கும் ஒருத்தி ஒரே நம்பரைக் குத்துவதை வரிசையில் நின்று பார்த்தவன் அவன். திரையில் எந்தக் கணக்கில் கனமாகக் கிடக்கிறது என்றும் பார்த்துக்கொண்டான்.

அடுத்த கூலி விழுந்தபோது அந்தக் கார்டு வேலை செய்யவில்லை. பேங்க்கில் இருந்த பிள்ளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல வேற யாரோ பேரு போட்டிருக்கே" என்றாள். கணக்கைப் பார்த்தால் துடைத்து எடுத்தாயிற்று. கொஞ்சம் அங்கங்கே மெஷினில், மீதிக்கு ஒரு நகைக்கடையில் கார்டைத் தேய்த்திருக்கிறான். பணம் எடுக்க எடுக்க போனுக்கு மெசேஜ் வந்திருக்க வேண்டும். வந்திருக்கிறது, செத்துப்போன புருஷனின் நம்பருக்கு. அந்த சிம்மே உயிரோடு இல்லை. முதல் மெசேஜைப் பார்த்து உடனே போன் போட்டுக் கார்டை நிறுத்தியிருந்தால் பாதியாவது தப்பியிருக்கும் என்று அந்தப் பிள்ளை வருத்தப்பட்டது. மேனேஜர் வருத்தப்படவில்லை. "ரகசிய நம்பரை அடுத்தவங்ககிட்டச் சொன்னா பேங்க் பொறுப்பில்லம்மா" என்று சொல்லிவிட்டார்.

செல்லத்தாய் அன்றைக்கு வண்டியில் வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதாள். அழுகை நின்றதும் யோசனை வந்துவிட்டது. கார்டு யார் கையில் இருந்தது? நம்பர் யாருக்குத் தெரியும்? அந்த மாசம் பார்த்துத்தானா அக்கா ஆட்டுக் கொட்டிலுக்குப் புதுத் தகரம் போட வேண்டும்? புருஷன் கேரளத்திலிருந்து அனுப்பிய காசு அது, எனக்கே தெரியும். அவன் என்னிடம் போனில் பெருமை அடித்தான். ஆனால் ஊர் தகரத்தைத்தான் பார்த்தது.

ஒருத்தியும் அக்காவிடம் நேரில் கேட்கவில்லை. அதுதான் கொடுமை. கார்டுகளை ஒவ்வொருத்தியாக வந்து, "நானே போய்க்கிடுதேன் மதினி, உங்களுக்கு எதுக்குச் செரமம்" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் குழாயடிக்கு வந்தால் பேச்சு நின்றது. வண்டியில் அவள் உட்கார்ந்த சீட்டில் பக்கத்து இடம் காலியாகவே வரும். கூட்டம் பிதுங்கினாலும் அந்த ஊர்க்காரி ஒருத்திகூட அங்கே உட்காரமாட்டாள், கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருவாள். எனக்கு ரத்தம் கொதிக்கும். "ஏம்மா, அந்த சீட்டுல என்ன முள்ளா இருக்கு?" என்று ஒருநாள் கத்திவிட்டேன். அக்கா திரும்பி, "நீ டிக்கெட்டக் குடுலே, ஒன் சோலியப் பாரு" என்றாள்.

கோவில்பட்டியில் மற்றவர்கள் இறங்கிய பிறகு அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன். "யக்கா, நீங்களாப் போயி ஒரு வார்த்த சொல்லலாம்ல, நான் எடுக்கலன்னு?"

"அவ கேட்டால்லா தம்பி சொல்லணும். கேக்காத கேள்விக்குப் போயி எவ பதில் சொல்லுவா?"

போலீசுக்குப் போனதில் எங்களுக்கும் ஒரு பூசை நடந்தது. ரகசிய நம்பர் என்ன என்று கேட்டிருக்கிறார்கள், பஸ் நம்பர் என்று சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவுதான், என்னையும் அண்ணாச்சியையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு அரை நாள் உட்காரவைத்துவிட்டார்கள். "நம்பர் எங்களுது இல்லய்யா, ஆர்.டி.ஓ. ஆபீஸ் குடுத்தது" என்று அண்ணாச்சி சொன்னதற்கு ஒரு அறை விழவேண்டியது, மயிரிழையில் தப்பியது. கேமராப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். மாஸ்க், தொப்பி, குனிந்த தலை. யாரென்று சொல்ல முடியவில்லை. அக்கா அந்தத் திரைக்கு முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தாள். அவன் கார்டைச் சட்டையில் துடைக்கிற இடம் வந்ததும், "இருக்கட்டும்" என்றாள்.

அதன் பிறகு கூலி விழுகிற வாரங்களில் எல்லாம் காலை முதல் வண்டியில் அக்கா கோவில்பட்டிக்கு வந்துவிடுவாள். ஏ.டி.எம்.முக்கு எதிரே ஒரு பாய் பேக்கரி வைத்திருந்தார். அவர் ஒரு ஸ்டூல் எடுத்துப் போடுவார். அங்கேயிருந்து பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"அவன் என்னத்துக்கும்மா திரும்ப இங்கன வரப்போறான்?" என்று பாய் கேட்டார்.

"ருசி கண்ட பூனை உறியத் தாவும் பாய். கூலி விழுத நாள் அவனுக்கும் தெரியும்லா."

"வந்தாலும் மூஞ்சி தெரியாதே."

"மூஞ்சி எதுக்கு? பெரியம்மான்னு கூப்பிட்டானே, அந்தச் சத்தம் என் காதுக்குள்ளயே கெடக்கு."

இதற்கிடையில் பேங்க் பிள்ளை எல்லாப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டது. நம்பரை மாற்றுங்கள், குத்தும்போது இன்னொரு கையால் மூடிக்கொள்ளுங்கள், யார் உதவிக்கு வந்தாலும் கார்டைக் கொடுக்காதீர்கள், வெளியே வருமுன் உங்கள் கார்டுதானா என்று பாருங்கள், புழக்கத்தில் இருக்கிற போன் நம்பரைக் கணக்கில் சேருங்கள். எல்லாரும் செய்தார்கள். அக்கா மட்டும் போன் நம்பரைச் சேர்த்துவிட்டு ரகசிய நம்பரை மாற்றவில்லை. "அப்பறமா மாத்துதேன் தாயி, ஒரு வேலை கெடக்கு" என்றாளாம்.

பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். காலை வண்டிக்கு அக்கா கையில் தொரட்டியோடு நிற்கிறாள். கருவை மரத்தில் காய் பறித்துப் போட ஆட்டுக்காரர்கள் வைத்திருக்கிற கம்பு, நுனியில் இரும்புக் கொக்கி. நீளத்தைப் பாதியாக அறுத்து வைத்திருந்தாள்.

"யக்கா, டவுணுல எங்கன போயி கருவ ஒடிக்கப் போறீங்க?"

"பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல நல்ல காய் பழுத்துருக்காம்லே."

கோவில்பட்டியில் வண்டிக்கு இருபது நிமிஷம் நேரம் இருந்தது. நான் பாய் கடையில் டீ வாங்கிக்கொண்டு நின்றேன். அக்கா தொரட்டியைக் கடைச் சுவரில் சாய்த்துவிட்டு, ரப்பர் பேண்டு போட்ட கார்டுக் கட்டு ஒன்றை எல்லாரும் பார்க்கும்படி கையில் பிடித்துக்கொண்டு ஏ.டி.எம். வரிசையில் போய் நின்றாள். அந்தக் கட்டில் பேங்க் கார்டு அவளுடையது மட்டும்தான். மற்றதெல்லாம் ரேஷன் கார்டு, ஆதார் கார்டு, இன்சூரன்ஸ் கார்டு. அவளுடைய கார்டின் முதுகில், ஆட்டுக்கு அடையாளத்துக்கு வைக்கிற நீலச் சாயத்தில் ஒரு பொட்டு வைத்திருந்தாள். இது எனக்குப் பிறகு தெரிந்தது.

உள்ளே போனாள். கார்டைத் தலைகீழாகப் போட்டாள். மெஷின் துப்பியது. மறுபடியும் போட்டாள். வெளியே வரிசையில் நின்ற ஒருவன், மாஸ்க் போட்டவன், கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். கார்டை வாங்கினான், சட்டையில் துடைத்தான். கத்தலாமா என்று பார்த்தால், பாய் என் கையைப் பிடித்து அழுத்தினார். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது; முந்தின நாளே வரிசையில் அந்தச் சத்தத்தை அடையாளம் கண்டு அக்கா அவரிடம் சொல்லி வைத்திருக்கிறாள்.

பணம் வந்தது. அவன் கார்டைக் கொடுத்தான். அக்கா அதைத் திருப்பிப் பார்த்தாள். நீலப் பொட்டு இல்லை. கையெடுத்துக் கும்பிட்டாள். "ராசா, நல்லாருப்பே. எம் மக கார்டும் ஒண்ணு இருக்கு, அவ வெளிய நிக்கா. அதுலயும் ஒரு தொகை கெடக்கு, எனக்கு எடுக்கத் தெரியல. ஒரு நிமிசம் இங்கனயே நில்லு, வாங்கியாந்துருதேன்" என்றாள். மகளோ மகனோ பெற்றெடுக்கிற யோகமே அக்காவுக்குக் கிடையாது. ஆசை அவனை நிற்கவைத்தது.

வெளியே வந்தாள். பாய் தொரட்டியை நீட்டினார். மேலே சுருண்டிருந்த ஷட்டரில் கொக்கியைப் போட்டு ஒரே இழுப்பு. அந்தச் சத்தத்தில் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. குனிந்து கொண்டியில் கிடைப் படலுக்குப் போடுகிற பூட்டைப் போட்டாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஷட்டரில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளேயிருந்து அவன் தட்டினான். முதலில் அதட்டினான், பிறகு கெஞ்சினான். "பெரியம்மா, தெறங்க பெரியம்மா. காச வேணும்னாலும் தந்துருதேன்."

"அவசரப்படாத ராசா. ஒக்காரு. ஒன்னப் பாக்க ஆளு வரணும்."

கூட்டம் கூடியது. போலீஸ்காரர் ஒருவர் வந்தார். "சாவியக் குடும்மா, நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார். "தாரேன் ஐயா. எங்க ஊரு பொம்பளைக வந்தவொடனே தாரேன்" என்றாள். மேனேஜர் வந்து அது பேங்க் சொத்து என்றார். "பத்திரமாத்தான் பூட்டி வச்சுருக்கேன் சார். நீங்க பூட்டாமப் போட்டதாலதான இம்புட்டும்" என்றாள். அவர் போலீஸ்காரரைப் பார்த்தார். போலீஸ்காரர், எப்படியும் பெரிய ஐயா வரவேண்டும், அதுவரை உள்ளேயே இருக்கட்டும் என்று நினைத்திருக்க வேண்டும், நிழலில் ஒதுங்கிக்கொண்டார்.

அக்கா என்னைக் கூப்பிட்டாள். "ஏலே, அடுத்த ட்ரிப்புல அவளுவ கூலி எடுக்க வருவாளுவ. ஒருத்தி பாக்கியில்லாம ஏத்திக் கூட்டியா. செல்லத்தாய விட்றாத."

அண்ணாச்சி அன்றைக்கு ஓட்டிய ஓட்டு அவர் சர்வீசில் ஓட்டியிருக்கமாட்டார். வண்டியில் ஏறிய பெண்களிடம் நான் நடந்ததைச் சத்தம் போட்டுச் சொன்னேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சொன்னேன். செல்லத்தாய் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். அக்கா அப்படியே உட்கார்ந்திருந்தாள். உள்ளே சத்தம் அடங்கிப்போயிருந்தது. பெண்கள் எல்லாரையும் முன்னால் வரச்சொல்லி, செல்லத்தாயை நேர் எதிரே நிற்கவைத்த பிறகுதான் பூட்டைத் திறந்தாள். வெளியே வந்தவனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. மாஸ்க் கழுத்தில் தொங்க, வேர்வையில் நனைந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். இன்ஸ்பெக்டர் பையைத் துழாவினார். கார்டுகள் கொத்தாக வந்தன. ஒன்றில் நீலப் பொட்டு. இன்னொன்றைப் பாய் வாங்கி எழுத்துக் கூட்டி வாசித்தார். "செல்லத்தாய்னு போட்டுருக்கு" என்றார்.

கூட்டத்திலிருந்து நாலு கை அவன் மேல் விழுந்தது. அதைத் தள்ளிக்கொண்டு செல்லத்தாய் போய் அவன் சட்டையைப் பிடித்தாள். "ஏய்யா, நீயா எடுத்த? எம் புருசன் செத்த காசுய்யா அது. சொல்லுய்யா, நீயா எடுத்த?"

அதுவரை அக்கா முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. கிடை போட்ட வருஷம் அந்தச் சம்சாரியின் காட்டைக் கடந்து போகும்போது பார்த்திருக்கிறேன், அதே திருப்தி. இதைக் கேட்டதும் அது போய்விட்டது. தொரட்டியை ஊன்றிக்கொண்டு எழுந்தாள்.

"ஏட்டி செல்லத்தாயி. இவன் கையும் களவுமா நிக்கான். ஒங் கார்டு இவன் பையில இருக்கு. இவன்ட்டயே நீயா எடுத்தன்னு ஒரு வார்த்த கேக்கத் தோணுதுல்லா ஒனக்கு? ஆடியில இருந்து தை வரைக்கும் ஒண்ணா ஒரே வண்டியில வந்தோம். என்ட்ட ஏன்ட்டி கேக்கல?"

செல்லத்தாயின் கை அவன் சட்டையிலேயே இருந்தது. மற்றவர்கள், "விடுங்க மதினி, தெரியாத்தனமா நடந்துபோச்சு" என்று ஆளாளுக்குச் சமாதானம் சொன்னார்கள். அக்கா யாரையும் திரும்பிப் பார்க்காமல் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள்.

சாயங்கால வண்டியில் எல்லாரும் ஒன்றாகத்தான் ஏறினார்கள். அக்கா தன் வழக்கமான சீட்டில் உட்கார்ந்தாள். ரெண்டு மூன்று பேர் பக்கத்தில் உட்கார முண்டினார்கள். செல்லத்தாய் எல்லாருக்கும் முன்னால் வந்துவிட்டாள். அக்கா பையைத் தூக்கிப் பக்கத்து இடத்தில் வைத்தாள்.

"தம்பி, ரெண்டு டிக்கெட் போடு."

"இன்னொண்ணு யாருக்குக்கா?"

"இந்த சீட்டுக்கு."

அன்றையிலிருந்து நான் அந்த வேலையை விடுகிறவரைக்கும் அவள் ரெண்டு டிக்கெட்தான் வாங்கினாள். ஆட்டுக்குட்டியை விற்று வாங்கினாள். பொங்கல், கோயில் கொடை, எந்தக் கூட்டமானாலும் அந்த இடத்தில் பைதான் உட்கார்ந்து வரும். வெளியூர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். டிக்கெட்டை எடுத்துக் காட்டுவாள். கர்ப்பிணியும் கைப்பிள்ளைக்காரியும் வந்தால் மடியில் இருக்கிற சாமானையும் கீழே இறக்கிவைத்து அந்த இடத்தைக் கொடுப்பாள், அந்த ஊர்க்காரியாக இல்லாமல் இருந்தால்.

திருடனிடமிருந்து நகை கொஞ்சம் மீண்டது. செல்லத்தாய் மகள் ஒரு வருஷம் தாமதித்து நர்சிங் சேர்ந்தாள். அவளைப் பார்த்துவிட்டு வருகிற நாட்களில் செல்லத்தாய் எங்கள் வண்டியில் ஏறுவாள். வேறு இடம் காலியாக இருந்தாலும் உட்காரமாட்டாள். அக்காவின் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ரெண்டு பேரும் பேசிக்கொள்ளமாட்டார்கள்.

ஒருநாள் நல்ல வெயில். செல்லத்தாய்க்குக் காய்ச்சல் போல, கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. "யக்கா, பாவம்க்கா, நிக்க முடியாம நிக்கா" என்றேன்.

அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "கேக்கட்டும் தம்பி. ஒக்காரட்டுமா மதினின்னு ஒரு வார்த்த வாயத் தொறந்து கேக்கட்டும். பைய எடுத்துருதேன்."

ஒரு கை தூரத்தில்தான் நின்றாள், செல்லத்தாய் காதில் விழாமல் இருக்காது. அவள் உதடு அசைந்த மாதிரிகூட எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. அக்காவின் கை பையின் காதைப் பிடித்தபடியே இருந்தது. நிழற்குடை வந்ததும் நான் விசில் கொடுத்தேன். ரெண்டு பேரும் இறங்கி, ஒருத்திக்குப் பின்னால் ஒருத்தியாக, ஊருக்குள் நடந்தார்கள்.